எங்கள் ஊழியர்களின் அடையாள அட்டை நகல்களை என்ன செய்தீர்கள்?

அரசுத் தகவல் பாதுகாப்பு மாநாட்டின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டு மாநாட்டில் ஸ்டால் போட்டிருந்த சிறு நிறுவனங்களில் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊழியர்களின் அடையாள அட்டை நகல்களை என்ன செய்தீர்கள் என்று மாநாடு முடிந்த கையோடு மின்னஞ்சலில் கேட்டோம். ஸ்டால் வாடகைக்கான ரசீதை அனுப்பிவைத்தீர்கள். மறுபடியும் கேட்டோம், பதிலே இல்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இந்த மடல்.

ஸ்டாலில் நிற்கப்போகிற ஒவ்வொருவருடைய அட்டையையும் இருபுறமும் ஸ்கேன் செய்து, மொபைல் எண்ணோடு மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னீர்கள். ஃபைலுக்குக் கடவுச்சொல் போட்டு அனுப்பினோம். "திறக்க முடியவில்லை, சாதாரணமாக அனுப்புங்கள்" என்று போன் வந்தது. கடவுச்சொல்லை இப்போதே சொல்கிறோம் என்றோம். அதற்கெல்லாம் நேரமில்லை, மாலைக்குள் வராவிட்டால் நுழைவு அட்டை கிடையாது என்றார்கள். வாடகையை முழுதாகக் கட்டிவிட்ட நிலையில் எங்களுக்கு வேறு வழி இல்லை.

அப்புறம் அந்த நகல்களை நாங்கள் பார்த்தது நுழைவாயில் மேசையில். எல்லா நிறுவனத்தாருடையதையும் அச்செடுத்து, ஸ்டேப்ளர் அடித்து அடுக்கி வைத்திருந்தீர்கள். "உங்க பேரு எதுல இருக்குன்னு நீங்களே பார்த்து எடுங்க" என்றார் அங்கே இருந்தவர். அவரைக் குறை சொல்லவில்லை. ஒற்றை ஆளாக அத்தனை பெரிய வரிசையைச் சமாளித்துக்கொண்டிருந்தார். எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருவரின் தாளை, வரிசையில் முன்னால் நின்ற யாரோ ஒருவர் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அந்தப் பெண்ணின் வீட்டு முகவரி, பிறந்த தேதி, முகம், மொபைல் எண் எல்லாம் அந்த ஒரே தாளில் இருந்தன. அந்தப் பெண்ணே பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த மேசையில் ஆளே இல்லை. தாள்கள் பறந்துவிடாமல் இருக்க மேலே ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது.

கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது? இத்தனை விவரம் கையில் இருக்கிற ஒருவர், வங்கியிலிருந்து பேசுவதாக நம்பவைப்பது எவ்வளவு சுலபம் என்று உங்கள் மேடையிலேயே பேச்சாளர்கள் விளக்கினார்கள்.

ஸ்டாலுக்கு விண்ணப்பித்தபோது எங்களிடம் தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்று கேட்டீர்கள். சரி, கேட்க வேண்டியதுதான். எந்தத் தகவல் யார் கையில் இருக்கிறது, அதை யார் பார்க்கலாம், வேலை முடிந்ததும் எப்படி அழிப்பது என்பதற்கெல்லாம் முறை வகுத்து, அதன்படி நடப்பதையும் காட்டித்தான் அந்தச் சான்றை வாங்குகிறோம். 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவைக்கு மேல் திரட்டக் கூடாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. எங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? அந்த நகல்கள் இப்போது எங்கே இருக்கின்றன?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நிறுவனத்தின் அறிமுக வீடியோவையும் பென் டிரைவில் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே கணினியில் செருகினீர்கள். 2017 டிசம்பரில் தைவான் அரசின் தகவல் பாதுகாப்புக் கண்காட்சியில், வினாடி வினாவுக்குப் பரிசாகக் காவல்துறை கொடுத்த 250 பென் டிரைவ்களில் 54-இல் வைரஸ் இருந்தது. ஒப்பந்த நிறுவன ஊழியர் ஒருவரின் கணினியிலிருந்து தொற்றியது அது. விஷயம் தெரிந்தவர்கள் நடத்திய நிகழ்ச்சியிலேயே இப்படி நடக்கும். ஆனால் புகார் வந்ததும் அவர்கள் பென் டிரைவ் கொடுப்பதை நிறுத்தினார்கள், நடந்ததை வெளியில் சொன்னார்கள். நாங்கள் உங்களிடம் கேட்பது ஒரு பதில்.

திறப்பு விழா முடிந்ததும் அதிகாரிகள் கிளம்பிவிட்டதையும், அவர்களைப் பார்க்கவென்றே வந்த எங்களைப் போன்றவர்கள் வெறும் அரங்கில் நாள் முழுக்க நின்றதையும் பற்றி எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஊழியர்களின் தகவல் அப்படிக் காத்திருக்காது.

தயவுசெய்து உங்கள் மின்னஞ்சல் பெட்டியிலும் கணினிகளிலும் உள்ள ஸ்கேன்களையும், அச்செடுத்த தாள்களையும் அழித்துவிட்டு, அழித்ததை ஸ்டால் போட்ட எல்லா நிறுவனங்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஏதாவது காணாமல் போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்; சம்பந்தப்பட்டவர்கள் எச்சரிக்கையாக இருக்க அது உதவும். அடுத்த ஆண்டு பெயர்ப் பட்டியலை மட்டும் முன்கூட்டி வாங்கிக்கொண்டு, அட்டையை வாசலில் பார்த்துவிட்டு அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகல் வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்டால் போட்ட ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர்