ஞாயிறு தோட்ட வேலை: கறிவேப்பிலைக்கு ஒரு வார்த்தை

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நாளை காலை 7.30க்கு கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடிப் பின்பக்கப் பாத்தியில் கூடுவோம். சாயங்காலம் எப்படியும் இடியும் மழையும்தான்.

கறிவேப்பிலையை யாரோ மொட்டையடித்துவிட்டார்கள். கோபமில்லை (கொஞ்சம் உண்டு). பொழுது சாய்ந்தபின் செடியைத் தொட்டால் என் பாட்டி "அது தூங்குது" என்று கையைத் தட்டிவிடுவார். பறிக்குமுன் ஒரு நொடி நின்று செடியிடம் கேளுங்கள். பறித்த கையோடு ஏதாவது கொடுங்கள்: அரிசி கழுவிய தண்ணீர், பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை. ஓடுபோல இறுகிக் கிடந்த செம்மண்ணில், சக்கை போட்ட மூலையில் மட்டும் இப்போது மண்புழு நெளிகிறது. முதல் வெண்டைக்காய் பிள்ளையாருக்கு, என் பங்கிலிருந்து.

சட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வரும். வருபவர்கள் இங்கே சொல்லுங்கள், பசியாற இட்லி எத்தனை என்று பார்க்கணும்.