முடிந்துபோன ஓர் ஆர்டரின் கோப்பு வேண்டும்

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு,

வணக்கம். பி.காம் முடித்து வருகிறவர்களுக்கு சரக்கோடு அனுப்பும் ஒரு டெலிவரி சலான்கூடப் போடத் தெரியவில்லை என்று நீங்கள் அலுத்துக்கொள்வது வணிகவியல் ஆசிரியர்களாகிய எங்கள் காதுக்கும் வருகிறது. மறுக்கவில்லை. ஆனால், அந்தச் சலானை அவர்கள் எங்கே பார்த்திருப்பார்கள்?

கல்லூரியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம், பொன்னாடை, புகைப்படம். அதற்குப் பிறகு ஒரு நாள் தொழிற்சாலைப் பார்வை. மாணவர்களுக்கு நிட்டிங் மெஷினைச் சுற்றிக் காட்டுகிறீர்கள். அவர்களில் பலர் பனியன் கம்பெனித் தொழிலாளிகளின் பிள்ளைகள்; சிலர் இரவில் செக்கிங் வேலைக்கும் போகிறவர்கள். மெஷின் அவர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் பார்க்காதது உங்கள் கணக்குப் பிரிவைத்தான்.

பணம் வந்து முடிந்துபோன ஓர் ஆர்டரின் முழுக் கோப்பைக் கொடுங்கள். வாங்குபவரின் பெயரையும் விலையையும் மறைத்துவிட்டே கொடுங்கள். நூல் வாங்கிய பில், நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் துணி போய்வந்த சலான்கள், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில், வங்கிக் கடிதங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியாரிடம் வேலை செய்து வாங்க, அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் ஜி.எஸ்.டி சட்டம் அதை விற்பனையாகவே கருதும் என்று நான் கரும்பலகையில் எழுதினால் ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டுமே மனத்தில் நிற்கும். சாயப்பட்டறைக்குப் போன எடைக்கும் திரும்பிய எடைக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவரே சலானில் கண்டுபிடித்து, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று திணறட்டும். கப்பல் தூத்துக்குடியில் ஒரு வாரம் தாமதித்தால் ஆர்டருக்காக வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு ஏறும் என்பதையும் அவரே போட்டுப் பார்க்கட்டும்.

2022-இல் வந்த தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது, நல்லதுதான். ஆனால், அப்படிப்பட்ட பயிற்சியில் மென்பொருளை யாரும் கற்றுத்தரலாம். இந்தக் கோப்பு உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

இன்டர்ன்ஷிப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் எடுக்க ஆள் வேண்டுமென்றால் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். மாணவரை எடுத்தால் அவருக்குப் பொறுப்பாக ஒரு கணக்காளரை நியமியுங்கள், பஸ் கட்டணத்துக்காவது பணம் கொடுங்கள். பட்டம் முடித்தவர்களை நாட்ஸ் (தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சி) திட்டத்தில் பயிற்சி பெறுபவர்களாக எடுத்தால் உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசே ஏற்கிறது.

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. ஏற்றுமதி அலுவலகத்தில் ஒரு நாள்கூட உட்காராமலே ஏற்றுமதி நடைமுறைப் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறோம். மே விடுமுறையில் எங்களில் இருவர் மூவருக்கு உங்கள் அலுவலகத்தில் இடம் கொடுங்கள், சம்பளம் வேண்டாம். கோப்பு ஜூனுக்குள் கிடைத்தால் இறுதியாண்டு வகுப்பிலேயே தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
திருப்பூர்