படியைப் பார்த்து இறங்கு, பாப்பா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். கால் வீக்கம் வற்றும்வரை எப்படியும் படுத்துத்தான் இருக்கப் போகிறாய், நிதானமாகப் படி.

செவ்வாய்க்கிழமை இரவு நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் குடியிருப்பில் மின்சாரம் போனது. லிப்ட் நின்றுவிட்டது, சாப்பாடு கொண்டுவந்தவர் வாசலில் காத்திருக்கிறார் என்று சொல்லி மூன்றாவது மாடியிலிருந்து படி வழியாக இறங்கினாய். வீடியோவில் உன் முகம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது, சுற்றிலும் ஒரே கறுப்பு. "டார்ச்சைப் போடு பாப்பா" என்றேன். "9 சதவீதம்தான் இருக்கிறது அப்பா. டார்ச் போட்டால் போய்விடும். திரை வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்திருக்கிறேன், போதும்" என்றாய். அடுத்த நிமிடம் ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. உன் தோழி அழைத்து, சுளுக்கோடு போயிற்று என்று சொல்லும்வரை அம்மா உட்காரவே இல்லை. மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்துக்கு அடியில் வைத்திருக்கிறாள். அது அங்கேயே இருக்கிறது, ஊருக்கு வரும்போது நீயே கொண்டுபோய்ச் செலுத்த வேண்டுமாம்.

இருபது வருடமாகச் செல்போன் பழுது பார்க்கிறவனின் மகள், திரையைவிட டார்ச்தான் அதிகம் மின்சாரம் தின்னும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதை உனக்கு நான் ஒருநாளும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. அது என்னை உறுத்துகிறது.

மறுநாள் கடை திறந்ததும், நீ கல்லூரியில் வைத்திருந்த பழைய போனை மேசையில் பிரித்தேன். பாட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பவர் சப்ளையின் இரண்டு கம்பிகளைக் கொடுத்தேன். எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அதில் சிவப்பு எண்களில் தெரியும், சிறுமியாக இருந்தபோது அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாயே, அதே பெட்டிதான். ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து திரை வெளிச்சத்தை முழுவதுமாக ஏற்றினேன். எண்ணைக் குறித்துக்கொண்டேன். பிறகு திரையை அணைத்துவிட்டு டார்ச்சை மட்டும் எரியவிட்டேன். ஏறக்குறைய பாதிதான் ஓடியது. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எல்லாப் போனிலும் இதே கணக்கு வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெருந்தீனி தின்பது முழு வெளிச்சத்தில் நிற்கும் திரைதான். நீயோ அதோடு வீடியோ அழைப்பையும் ஓடவிட்டிருந்தாய்.

மின்சாரக் கணக்குக்கூட இரண்டாம்பட்சம். திரை என்பது பார்க்கிறவர் கண்ணுக்கு வெளிச்சம் அனுப்பச் செய்த பொருள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் வெளிச்சம் முகத்தில் விழும், காலடியில் விழாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். அந்தப் பழக்கத்தைக் கலைக்கவோ பளீரென்ற வெளிச்சம் சில விநாடி பட்டால் போதும். ஆக, முகத்துக்கு நேரே அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பிடித்தபடி நீ இறங்கிய ஒவ்வொரு படியிலும் உன் கண்ணை நீயே கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறாய்.

டார்ச் அப்படியில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன மஞ்சள் புள்ளியைக் கடையில் பூதக்கண்ணாடி வைத்து உனக்குக் காட்டியிருக்கிறேன். மஞ்சளாகத் தெரிவது மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி, அதற்கு அடியில் இருப்பது நீல எல்இடி. நீலமும் மஞ்சளும் சேர்ந்துதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூன்று பேருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மேலே இருக்கும் வில்லை வெளிச்சத்தைக் குவித்து ஒரே பக்கமாக அனுப்புகிறது. படியில் விழ வேண்டிய வெளிச்சம் படியில் விழும்.

உன் தாத்தாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த முதல் போன், தலையில் டார்ச் வைத்த நோக்கியா 1100. நடுச்சாமத்தில் மோட்டார் போட வரப்பில் போகும்போது அதைக் காதில் வைத்ததைவிட காலுக்கு நேரே பிடித்ததுதான் அதிகம். ஒரு மழைநாளில் மடைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்த கண்ணாடி விரியனை அவர் இரண்டடி தூரத்தில் பார்த்து நின்றது அந்த வெளிச்சத்தில்தான். கையில் திரை வெளிச்சம் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது நீ திருச்சி விடுதியில் இருந்தாய். பேராவூரணிப் பக்கம் தென்னை முழுக்கச் சாய்ந்தது உனக்குத் தெரியும். கடையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பலகை முழுவதும் போன்கள். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றின் முதுகிலும் பேப்பர் டேப் ஒட்டிப் பெயர் எழுதினோம். 'மேலத்தெரு பெட்டிக்கடை', 'வாத்தியார் வீடு', 'சிங்கப்பூர் அக்கா'. அத்தனையும் செத்துப்போன போன்கள். கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். புயல் ராத்திரி முழுக்க டார்ச்சை அணைக்காமல் எரியவிட்டிருக்கிறார்கள், பயம் தெளிய வெளிச்சம் வேண்டியிருந்தது. நானும் அம்மாவும் அதைத்தான் செய்தோம். ஓடு பறந்த அறையில் பாட்டியை நடுவில் உட்காரவைத்து, போனைச் சுவரில் சாய்த்து எரியவிட்டோம். மூன்று மணி வாக்கில் தொழுவத்தில் மாடு கத்தியது. எடுத்துக்கொண்டு ஓடலாம் என்றால், பாட்டரி குறைவு என்று சொல்லி டார்ச் அணைந்துவிட்டது. பல போன்கள் அப்படித்தான், சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்தால் டார்ச்சை எரியவிடாது. கன்றின் கயிற்றைத் தடவித் தடவித்தான் அவிழ்த்தேன்.

நீ அந்த மூன்று நாளும் எங்களை அழைத்து அழைத்துப் பார்த்ததாகச் சொன்னாய். டவர் விழுந்ததும் ஒரு காரணம். ஆனால் சிக்னல் வந்துபோன நேரத்தில் எங்கள் கையில் இருந்தது வெறும் கட்டை. உன் தவிப்பில் பாதி அதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து மழைக்காலத்தில் இந்த வீட்டுப் போன்கள் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதில்லை.

அதனால் நீயும் இப்படிச் செய். மின்சாரம் போனால் முதலில் திரை வெளிச்சத்தை, எழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்கு மட்டும் வைத்துக் குறைத்துவிடு. உன்னுடையது ஓஎல்இடி திரை. அதில் கறுப்பாக இருக்கும் இடம் எரியாத இடம், கறுப்புப் பின்னணி வைத்தால் சார்ஜ் மிஞ்சும். நடக்கும்போது மட்டும் டார்ச். அறையில் உட்கார்ந்திருக்கும்போது வெளிச்சம் வேண்டுமென்றால், தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பாட்டிலுக்குப் பின்னால் டார்ச்சை வை, அறை முழுவதும் பரவும், கண்ணும் கூசாது. டார்ச் வெளிச்சத்தையும் குறைக்கலாம். மேலிருந்து இழுக்கும் பட்டையில் டார்ச் படத்தைத் தொடாமல் அதன் பெயரைத் தொடு, உன் சாம்சங்கில் ஐந்து அளவு காட்டும். அறைக்கு ஒன்றாம் அளவே போதும்.

போன பொங்கலுக்கு வந்தபோது உன் திரை தானாகவே மங்குகிறது என்று சொல்லி, தானியங்கி வெளிச்சத்தையே அணைத்து வைத்திருந்தாய். அப்போது நான் சரியாகப் பார்க்கவில்லை. அநேகமாக நீ ஒட்டியிருக்கும் கண்ணாடிதான் காரணமாக இருக்கும். முன் கேமராவுக்கு அருகில் சுற்றுப்புற வெளிச்சத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. கறுப்பு ஓரம் வைத்த கண்ணாடி அதை மூடிவிட்டால், வெயிலில் நின்றாலும் போன் இருட்டு என்றே நினைத்துக்கொள்ளும். வாரத்துக்கு நான்கு பேராவது இதே புகாரோடு கடைக்கு வருகிறார்கள். வெயிலில் சூடேறி மங்குவது வேறு, அது போன் தன்னைக் காத்துக்கொள்வது. நிழலில் வைத்தால் தெளிந்துவிடும்.

டார்ச்சுக்கென்று தனியாக ஒரு செயலியும் உன் போனில் பார்த்தேன். அதை நீக்கிவிடு. ஆண்ட்ராய்டில் 2014 முதலே டார்ச் உள்ளேயே வருகிறது. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில் ஒரு டார்ச் செயலி, ஆட்கள் இருக்கும் இடத்தை விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்தது என்று அரசு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. விளக்குப் போட வந்தவனுக்கு உன் விலாசம் எதற்கு?

நாளை இரவு பஸ்ஸில் ஒரு பார்சல் போடுகிறேன், காலையில் தோழியை அனுப்பி வாங்கிக்கொள், நீ படி இறங்காதே. உள்ளே இரண்டு செல் போடும் சின்ன டார்ச் ஒன்று இருக்கிறது, அதைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவை, போனை நம்பியே இருக்க வேண்டாம். சென்சாருக்கு இடம் விட்ட புதுக் கண்ணாடி ஒன்றும் வைத்திருக்கிறேன். கால் வலிக்கு நொச்சி இலையும், கொஞ்சம் முறுக்கும் அம்மா வைத்திருக்கிறாள். கண்ணாடி மேலேயே இருக்கும், பார்த்துப் பிரி.

அன்புடன்,
அப்பா