லேப்ல இன்னும் டெல்நெட்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்விப் பக்கத்துல சர்வர் நிர்வாகம் பத்தியும் போடுங்க சார். எங்க பக்கத்து காலேஜ் லேப்ல இன்னும் டெல்நெட்ங்கிற பழைய முறையிலதான் தூரத்துல இருக்கிற சர்வருக்குள்ள போகச் சொல்லித் தர்றாங்க, அதுல அடிக்கிற பாஸ்வேர்டு மறைப்பே இல்லாம நெட்வொர்க்ல போகும், நடுவுல யார் பாத்தாலும் தெரிஞ்சிடும். 1995ல ஹெல்சின்கி டெக்னாலஜி யுனிவர்சிட்டில இப்படி பாஸ்வேர்டு திருடுபோனதாலதான் டாட்டு யூலோனென், எல்லாத்தையும் மறைச்சு அனுப்புற எஸ்எஸ்எச்ங்கிற மாற்று மென்பொருளை எழுதினாரு.

பசங்க எஸ்எஸ்எச்சுக்கு கீ ஜோடி (நம்மகிட்டயே ரகசியமா இருக்கிற பிரைவேட் கீ, வெளியில கொடுக்கிற பப்ளிக் கீ) உருவாக்கி, பப்ளிக் கீயை மட்டும் சர்வர்ல வச்சு, பாஸ்வேர்டு லாகினையே ஆஃப் பண்ணக் கத்துக்கணும். முக்கியமா, ஆஃப் பண்ணதும் பழைய செஷனை மூடிடக் கூடாது, இன்னொரு விண்டோல லாகின் ஆகுதான்னு பாத்துட்டுத்தான் மூடணும், இல்லேன்னா நம்ம சர்வருக்குள்ள நாமளே போக முடியாது. அடுத்த செமஸ்டருக்குள்ளயாவது லேப் நோட்டை மாத்துங்கன்னு உங்க பேப்பர்ல எழுதுங்க.

- ஒரு சிஸ்டம் அட்மின், திருச்சி