மருமகனுக்கு, அந்த வெள்ளைப் பொடி விஷயமாக

மக்கா,

ஞாபகசக்தி கூடும் என்று யாரோ விற்கும் பொடிப் பாக்கெட்டை நேற்று நீ வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினாயே, அதைக் கடையடைத்த பிறகுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபராம்பேட்டர் என்று பெயர் போட்டிருக்கிறது. பேட்ச் நம்பர் இல்லை, லைசென்ஸ் நம்பர் இல்லை, மூலையில் மட்டும் எறும்பு எழுத்தில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்கள் உட்கொள்ளக் கூடாது" என்று இருக்கிறது, அதைப் பார்த்தாயா? நீட்டுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, வாங்கட்டுமா மாமா என்று கேட்கிறாய். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் தக்கலையில் என் மெடிக்கலுக்கே இந்த மாதம் இரண்டு பையன்கள் இதே மாதிரிக் கேட்டு வந்துவிட்டார்கள், அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

ஆளை ஏமாற்றக் கட்டிவிட்ட பெயர் இல்லை இது, நிஜமாகவே ஆராய்ந்த மருந்துதான். மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததற்குச் சேதி சொல்லக் குளூட்டமேட் என்ற ரசாயனத்தை விடும், அதை வாங்கும் வாசல்களில் ஒரு வகைக்கு ஆம்பா ஏற்பி என்று பெயர், அந்த வாசல் சட்டென்று சாத்திக்கொள்ளாமல் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தால் ஞாபகம் நன்றாகப் பதியும் என்பது கலிஃபோர்னியாவில் கேரி லிஞ்ச் போன்றவர்கள் போட்ட கணக்கு. இந்த இனத்துக்கு ஆம்பகைன் என்று பெயர் வைத்தார்கள். மூத்தது சிஎக்ஸ்-516. மனச்சிதைவு நோயாளிகள் 105 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்கு அதையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். 2008-இல் வந்த முடிவு: வெற்று மாத்திரையைவிட ஒன்றும் உசத்தியில்லை.

உன் பொடி அதற்குத் தம்பி. நெதர்லாந்தில் சராசரி 66 வயதுள்ள 16 பேருக்கு 500 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். உடனடி ஞாபகம் தெளிவாகவே கூடியது. ஆனால் நிகழ்வு ஞாபகம் குறைந்தது போலத் தெரிந்தது! அதோடு தலைவலி, தூக்கக் கலக்கம், குமட்டல். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் சொல்லும் நம்பரை டயல் பண்ணும்வரை தலையில் வைத்திருப்பாயே, அது முதல் வகை. பாட்டா தோளில் உட்கார்ந்து சுசீந்திரம் தேர் பார்த்தது, போன செவ்வாய்க்கிழமை ஹாஸ்டல் மொட்டைமாடியில் இருந்து நெஃப்ரான் படித்தது, இதெல்லாம் இரண்டாவது. 720 மார்க்குக்கு எழுதப் போகிறவனுக்கு எது வேண்டும், நீயே சொல்லு.

அதுவும் வயதானவர்களுக்கு ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்தது. நீ 18 வயதில் மூன்று மாதம் தின்னப் பார்க்கிறாய். அந்த வாசலை அளவுக்கு மீறித் திறந்தால் வலிப்பு வரலாம் என்ற பயம் இந்த இனம் முழுவதற்கும் உண்டு. கடைசியில் இது எந்தக் கடைக்கும் வரவில்லை.

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை, பரீட்சை சீசனில் ஞாபகசக்தி டானிக் விற்று நானும் லாபம் பார்த்திருக்கிறேன். ஏலாக்கரையில் சும்மா படர்ந்து கிடக்கும் வல்லாரையைக்கூட நம்பித் தின்னு என்று உனக்குச் சொல்ல மாட்டேன். துவையலுக்கு நல்லது, அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிவரை முழித்திருக்கிறாயாமே, முதலில் அதை நிறுத்து.

ஞாயிற்றுக்கிழமை வா, மட்டிக்குலை பழுத்துத் தொங்குகிறது. பொடிக்குச் சேர்த்த பணத்தையும் எடுத்துக்கொண்டு வா. அது ஹாஸ்டல் பீஸில் பிடித்த பணம் என்று எனக்குத் தெரியும், அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் மாமா