பூச்சுக்குள் மறையும் பெல்ட்

ஆசிரியருக்கு,

வணக்கம். 2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் நிலம் அதிர்ந்தது. டிசம்பர் 23 பிற்பகலில் மறுபடியும் 3.5. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் திண்ணைக்குத் திண்ணை அதே பேச்சாக இருந்தது. பொங்கல் வந்ததும் அடங்கிவிட்டது.

அதன்பிறகு இங்கே எழும்பிய வீடுகளைப் பார்த்துவருகிறேன். வாசற்கால் எந்தத் திசை என்று ஊரெல்லாம் கேட்கிறார்கள். நிலம் அதிர்ந்தால் சுவர்கள் பிரிந்து விழாமல் பிடித்துக்கொள்ள, ஜன்னலுக்கு மேலே எல்லாச் சுவர்களையும் சுற்றிக் கம்பி கட்டி பெல்ட் கான்கிரீட் போடலாமா என்று மேஸ்திரியிடம் கேட்பவர் அரிது. மேஸ்திரியே சொன்னாலும், "பக்கத்து வீட்டில் போடவில்லையே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தப் பக்கத்து வீடுதான் விஷயமே. எவர்சில்வர் கேட்டும் கிரானைட் படியும் தெருவுக்குத் தெரியும். ஒருவர் போட்டால் தெருவே போடும். பெல்ட்டோ பூச்சுக்குள் மறைந்துவிடுகிறது. போட்டவருக்குப் பெருமை இல்லை, பார்ப்பவருக்கு ஆசையும் இல்லை. எங்கள் தெருவில் பீரோவைச் சுவரோடு கிளாம்ப் வைத்து இறுக்கிய ஒருவரைச் சொந்தக்காரர்களே பயந்தாங்கொள்ளி என்றார்கள். அப்புறம் யார் செய்வார்?

"இது பாறை பூமி, ஒன்றும் ஆகாது" என்பார்கள் பெரியவர்கள். மகாராஷ்டிரத்தின் லாத்தூரும் அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில், கல்லும் மண்ணும் வைத்து எழுப்பிய கனத்த சுவர்கள் சரிந்து சுமார் 10,000 பேர் இறந்தார்கள். வேலூரை 2002-ஆம் ஆண்டு வரைபடமே அதைவிட ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்தில் வைத்திருக்கிறது.

துண்டறிக்கை மட்டும் போதாது. அக்கம்பக்கத்தார் செய்வதைப் பார்ப்பதும் அவர்களோடு பேசுவதும்தான் மக்களைச் செயலில் இறக்கும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டென்னிஸ் மிலெட்டி வலியுறுத்திவந்தார். பீடி சுற்றும் பெண்கள் கூடும் இடத்தில் ஒரு செய்தி எத்தனை வேகமாகப் பரவும் என்று அறிந்த நமக்கு இது புதிதல்ல. பரண்மேல் இருக்கும் பித்தளை அண்டாவைக் கீழே இறக்குவது, சிலிண்டரை எப்படி மூடுவது என்பதையெல்லாம் மகளிர் குழுக் கூட்டங்களில் பேசவைக்கலாம். நிலைவாசல் வைக்கும் நாளில் ஊரைக் கூப்பிடுவது போல, பெல்ட் போடும் நாளிலும் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டலாம்.

முதலில் மேஸ்திரிகள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு அன்றைய கூலியையும் கொடுத்து, மூலையில் கம்பியை எப்படி மடக்கிக் கட்டுவது என்று செய்தே காட்டும் பயிற்சியைத் தாலுகாதோறும் நடத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடியாத்தம்.