மஞ்சளை மூடிப் பார்

அன்பு மகள் கயலுக்கு,

உன் கேன்வாஸின் புகைப்படம் வந்தது. அமைப்பு முழுவதையும் கணினியில் முடிவு செய்த பிறகுதான் இனித் தூரிகையை எடுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம், கண்ணே. நீ பார்க்கும் வேலையில் வரைபடம் முதலில், சுவர் பிறகு. பொருள்களின் உருவம் இல்லாமல் கோடும் வண்ணமும் மட்டுமே பேசும் அரூப ஓவியத்தில் அந்த வரிசை உதவாது.

டச்சு அரூப ஓவியர் மோந்திரியானே அளவுகோலும் கணக்கும் வைத்துத்தானே வரைந்தார் என்று கேட்டிருக்கிறாய். அவருடைய நேர்க்கோடுகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் கண்ணால்தான் முடிவு செய்தார். சரியாக நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருந்தார்.

நீ டெல்ஃப்ட்டில் இருக்கிறாய். ஹேக் நகரின் கலை அருங்காட்சியகமான குன்ஸ்ட்மியூசியம் பக்கத்தில்தான். முதலில் அங்கே அவருடைய மர ஓவியங்களைப் பார். சிவப்பு மரம் 1908இல் தொடங்கியது. அது இன்னும் மரம்தான். 1911இல் வரைந்த சாம்பல் மரத்தில் கிளைக்கு எவ்வளவு கனமோ, கிளைகளுக்கு நடுவே தெரியும் வானத்துக்கும் அவ்வளவு கனம். அந்த இடைவெளிகளை அவர் மிச்சமாக விடவில்லை, தீட்டியிருக்கிறார். புகழ்பெற்ற சிவப்பு, நீல, மஞ்சள் கட்டங்களைவிட எனக்கு அந்தச் சாம்பல் மரம்தான் பெரிது.

பிறகு அவருடைய கடைசிப் படமான 'விக்டரி பூகி வூகி'க்குப் போ. அதற்கு நிறைய நேரம் கொடு.

மோந்திரியான் 1940இல் போருக்குத் தப்பி நியூயார்க் வந்தபோது அவருக்கு 68 வயது. ஐரோப்பாவில் தொடங்கிய படங்களையும் அங்கே மறுபடி கையில் எடுத்தார். புதுக் கோடுகளும், கறுப்பு எல்லை இல்லாத சின்ன வண்ணத் துண்டுகளும் சேர்த்தார். சில படங்களில் முதலில் வரைந்த ஆண்டு, திருத்திய ஆண்டு என்று இரண்டு குறிக்கப்பட்டிருப்பது அதனால்தான். வண்ணக் காகித டேப்பை அவர் பயன்படுத்தத் தொடங்கியதும் அந்த ஊரில்தான். எண்ணெய் வண்ணத்தில் ஒரு கோட்டை நகர்த்த வேண்டுமானால் சுரண்ட வேண்டும், மறுபடி பூச வேண்டும், காயக் காத்திருக்க வேண்டும். டேப்பை உரித்து விரலகலம் தள்ளி ஒட்டினால் போதும். அந்த நிமிடமே கண் தீர்ப்புச் சொல்லிவிடும்.

'விக்டரி பூகி வூகி' சதுரத்தை முனையில் நிறுத்தியதுபோல் தொங்கும் படம். 1942இல் தொடங்கினார். 1944 ஜனவரியில் பார்த்தவர்களுக்கு அது ஏறக்குறைய முடிந்துவிட்டதாகவே பட்டது. அவருக்குப் படவில்லை. காய்ந்த வண்ணத்தின் மேலேயே டேப்பும் காகிதமும் ஒட்டிப் படத்தைத் திரும்பக் கலைத்தார். அந்த நிலையிலேயே பிப்ரவரி 1ஆம் தேதி நிமோனியாவில் இறந்துபோனார். அவருக்கு வயது 71. அத்தனை ஆண்டுகள் கைவிடாத கறுப்புக் கோடு அந்தப் படத்தில் இல்லை. நீண்ட கோடுகளே சின்னத் துண்டுகளாக உடைந்துவிட்டன. எந்த இடத்திலும் கண் தங்க முடியாது. அவர் விரும்பிக் கேட்ட பூகி வூகி என்ற பியானோ இசையின் துள்ளல் அதில் இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒட்டிய துண்டுகளின் விளிம்பு தெரியும். முடித்துக் காட்டிய எந்தப் படத்தையும்விட ஓர் ஓவியர் யோசிக்கும் விதத்தை இது திறந்து காட்டுகிறது என்பேன்.

இனி உன் படம். வலது கீழ் மூலையில் உள்ள மஞ்சள், பார்வையைச் சட்டத்துக்கு வெளியே இழுத்துப் போகிறது. இரண்டு நீலங்களுக்கு நடுவில் இருக்கும் சாம்பல் உயிரில்லாமல் கிடக்கிறது. நிறத்தில் குறையில்லை, அதன் அகலமும் நீலத்தின் அகலமும் ஒன்றாக இருப்பதுதான் காரணம். ஒன்றை ஒடுக்கு. எதை என்று நான் சொல்ல மாட்டேன். வண்ணம் நன்றாகக் காய்ந்த பின், பசை குறைந்த டேப்பால் காகிதத் துண்டுகளை ஒட்டி நகர்த்திப் பார். கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார். சமையல் நடக்கும்போதும் அது கண்ணில் படட்டும்.

மஞ்சளோடு ஒரு புகைப்படம், மஞ்சளை மூடி ஒரு புகைப்படம், இரண்டும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. போன தடவை விளக்கொளியில் எடுத்ததில் நீலம் பச்சையாகத் தெரிந்தது.

அன்புடன்,
அம்மா